டாக்டரைக் கேளுங்கள்: உள்ளங்கால் கறுப்பு

கன்னத்தில் மச்சம் இருந்தால் அதிர்ஷ்டமா?
– சுந்தராபுரம் வாசகர்

ஜோசியம் அடுத்த பக்கம்.

அம்மாவின் குதிகாலில் கறுப்பாக இருந்ததை ஆணி என்று இரண்டு வருசம் பிளேடால் சீவினோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆகிவிட்டது. கத்தி பட்டால் பரவும் என்கிறார்கள். இனி என்னங்க செய்வது?
– போத்தனூர் வாசகி

கத்தியால் பரவாது. இரண்டு வருசம் வீணானதுதான் நஷ்டம். அப்படிச் சொன்ன சொந்தக்காரர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது என்ன என்பது பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் மஞ்சப்பை நிறைய ஸ்கேன் படம் கொண்டுவருவார்கள். அந்த ஒரு தாள் மட்டும் பீரோவில் தூங்கும்! அதில் 'பிரெஸ்லோ' என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று. 1970-ல் பிரெஸ்லோ என்ற டாக்டர் சொன்ன கணக்கு, இன்றைக்கும் அதுதான். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், தொடையிடுக்கில் நெறி கட்டும் இடத்தில் முதல் முடிச்சை எடுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு வரும். மேல்தோல் புண்ணாகியிருந்ததா, வெட்டிய ஓரத்தில் மிச்சம் உண்டா என்பதும் அதே தாளில்தான்.

லேபில் 'பிளாக்' கேட்டு வாங்குங்கள். கட்டித் துண்டை மெழுகில் பதித்தது, தீப்பெட்டியைவிடச் சின்னது. பிராஃப், கிட் மரபணுச் சோதனைக்கு அதுதான் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், இளகிவிடும். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவு. அதனால் பலருக்கு அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை பொருந்தாது, எதிர்ப்புசக்தி ஊசிதான். அதை ஏறக்குறைய ஒரு வருசம் போட வேண்டியிருக்கும். காப்பீட்டில் எது அடங்கும் என்று முதல் ஊசிக்கு முன்பே கவுண்டரில் கேளுங்கள், பிறகு அல்ல.

எதிர்ப்புசக்தி ஊசி போட்டு ஐந்து வாரம். தினம் ஆறு முறை பேதி. மாதுளை ஓட்டுக் கஷாயம் குடிக்கலாமா?
– வெள்ளலூர் வாசகர்

உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. கஷாயம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. உசுப்பிவிட்ட எதிர்ப்புசக்தி சொந்தக் குடலையே கடிக்கிறது. ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

கறுப்பாக இருப்பவர்களுக்கு மெலனோமா வராதாமே?
– குறிச்சி வாசகர்

பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் இறந்தார், வயது 36. நமக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். வெயிலைக் குறை சொல்ல முடியாத இடங்கள்.

அப்பாவுக்குக் குனிய முடியாது. உள்ளங்காலை எப்படிப் பார்ப்பார்?
– செட்டிபாளையம் வாசகி

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, மேலே காலைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பேரன் இருந்தால் கண்ணாடியும் வேண்டாம்.