குக்கர் வாங்குகிறார்களா, கேஸ்கட் மாற்றுகிறார்களா?

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். திருத்தணி மக்களின் செலவு, நம்பிக்கை, வேலை இந்த மூன்றையும் பற்றிக் கல்லூரிக்கு நீ எழுதி அனுப்பிய வரைவைப் படித்தேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் படத்தைப் போட்டு, "நுகர்வோர் நம்பிக்கை உச்சத்தில் இருக்கிறது" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டாய். அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

அன்று செலவு செய்கிறவர்கள் யார்? சித்தூர், நகரி, புத்தூர், வேலூர், சென்னை என்று நாலா பக்கமிருந்தும் காவடி எடுத்து வருகிறவர்கள். பூவுக்கும் தேங்காய்க்கும் மொட்டைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் தருவது அவரவர் ஊரில் சம்பாதித்த காசு. நம் ஊர்க்காரருக்கு அது வரவு. பூக்கட்டுகிற அம்மா அந்த வரவை வைத்து வட்டியைக் கட்டுகிறாளா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாளா, பீரோ வாங்குகிறாளா என்று பார்த்தால்தான் நம் ஊர்ச் செலவு தெரியும். பெட்ரோல் பங்க் கணக்கும் இப்படித்தான். ஆந்திராவில் பெட்ரோல் விலை கூட என்பதால் எல்லை தாண்டுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொண்டு போகிற வண்டிகள் ஏராளம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு போட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பணத்துக்கு அந்தக் கோடு சரியாகத் தெரியாது. எல்லை ஊரில் விற்பனைக் கணக்கை அப்படியே நம்பாதே.

நான் பாத்திரக்கடைக்காரி. எனக்குத் தெரிந்த அளவுகோலைச் சொல்கிறேன். தள்ளிப்போட முடிந்த செலவை மக்கள் தள்ளிப்போடுகிறார்களா இல்லையா என்று பார். அரிசியைத் தள்ளிப்போட முடியாது; குக்கரைத் தள்ளிப்போடலாம். கையில் காசும் மனசில் தைரியமும் இருக்கிற மாசத்தில், "இது பழசாகிவிட்டது, ஐந்து லிட்டர் ஒன்று எடுங்கள்" என்பார்கள். தைரியம் குறைந்த மாசத்தில் அதே மூடியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, கேஸ்கட் மட்டும் கேட்பார்கள். விசில் கழன்றிருந்தால் அதையும். இன்னும் மோசமான மாசம் ஒன்று உண்டு. பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவைத் தூக்கி வருவார்கள். வழக்கமாகப் பழசைப் போட்டு எவர்சில்வரில் புதுசு எடுப்பார்கள். அந்த மாசத்தில் மட்டும், "சாமான் வேண்டாம்மா, காசாகவே கொடுத்துடுங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இதை நிறையப் பார்த்தேன்.

ரிசர்வ் வங்கி செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குடும்பங்களைத் தேடிப் போய், நாட்டின் பொருளாதார நிலை, வேலை, விலை, வருமானம், செலவு ஆகிய ஐந்தும் ஒரு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட எப்படி, அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்பவர்களும் மோசம் என்பவர்களும் சமமானால் குறியீடு 100. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், இன்றைய நிலைக்கான குறியீடு 48.5-க்கு விழுந்தது. அந்த அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். எதிர்காலக் குறியீடு எப்போதும் நிகழ்காலத்தைவிட மேலேதான் நிற்கும். நாளைக்கு விடியும் என்று நினைக்காமல் யாரும் குடித்தனம் நடத்த முடியாது அல்லவா? இன்னொன்று, நம்பிக்கை சரிந்துகிடக்கும்போதும் "செலவு கூடிவிட்டது" என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். விலை ஏறினால் செலவும் ஏறும். ஆகவே கூடியது எந்தச் செலவு என்று கேட்காமல் அதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கேள்விக்கு மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு உதவும். 2023-24-ல் தமிழ்நாட்டில் தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165. நாட்டுச் சராசரி 4,122-ம் 6,996-ம். அகில இந்தியக் கிராமங்களில் 1999-2000-ல் செலவில் 59 சதவீதத்துக்கு மேல் சாப்பாட்டுக்கே போனது. 2022-23-ல் அது 46 ஆகக் குறைந்தது. மிச்சம் போனது பஸ்ஸுக்கும் மருந்துக்கும் செல்போனுக்கும் மற்றதற்கும். ஆனால் இவை சராசரி. தமிழ்நாட்டு நகரக் கணக்கில் சென்னையும் இருக்கிறது என்பதை மறக்காதே.

வேலைக்கு வருகிறேன். உன் வரைவில் இது மிகவும் மெலிந்த பகுதி. வேலையின்மை 2023-24-ல் 3.2 சதவீதம் என்று அகில இந்திய எண்ணை எடுத்துப் போட்டு, அடுத்த தலைப்புக்குப் போய்விட்டாய். அம்மையார்குப்பத்துக்கோ பொதட்டூர்பேட்டைக்கோ ஒரு நடை போய்வா. கூலி நெசவு செய்கிற வீட்டில் பாவு வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நிற்கும். யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. ஒரே தறியில் அப்பா ஓட்ட, அம்மா நூல் சுற்ற, பையன் மாற்றிவிட, மூன்று பேருமே கணக்கில் வேலையில் இருப்பவர்கள். தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்திர முறையில், வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும், வேலையில்லாதவர் பட்டியலில் வரமாட்டார். கணக்கெடுப்பு தவறு என்று சொல்ல வரவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் எண்ணுகிறார்கள். அந்த வீட்டில் நீ கேட்க வேண்டியது, போன வாரம் தறி எத்தனை நாள் ஓடியது என்று.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களின் கதை வேறு. மாசம் பிறந்தால் சம்பளம் உறுதி. அந்தச் சம்பளத்தை நம்பித் தவணையில் வாஷிங் மெஷின் வருகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கான்ட்ராக்டா, நிரந்தரமா என்று கேட்டுக்கொள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றபோது, அதன் அடி விழுந்தது பல மாவட்டங்களின் வீடுகளில். ஆலையின் வாசல் ஓர் ஊரில், சம்பளம் செலவாவது வேறு ஊரில்.

கடன் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. தங்கம் விலை ஏறினால் அதே சங்கிலிக்குக் கூடுதல் நகைக்கடன் கிடைக்கும். அந்தப் பணத்தில் கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்களும், மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வந்ததும் டிபன் பாக்ஸ் வாங்க வருகிறவர்களும் என் கல்லாவில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். உன் கட்டுரையில் அப்படித் தெரியக் கூடாது.

விசாரிக்கும்போது "நம்பிக்கையாக இருக்கிறீர்களா" என்று கேட்காதே. முருகன் இருக்கிறான் என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடைசியாக வாங்கின பெரிய சாமான் எது, ரொக்கமா தவணையா, தள்ளிப்போட்டது எது, எந்த நகை அடகில் இருக்கிறது என்று கேள். கடைசிக் கேள்வியைப் பெண்களிடம் தனியாகக் கேள். வீட்டுக்காரருக்குத் தெரியாத சங்கிலிகளும் உண்டு. ஆடியையும் டிசம்பர் 31 படித் திருவிழாவையும் விட்டுவிட்டுப் புரட்டாசியில் ஒரு வாரம் வா. ம.பொ.சி. சாலையிலிருந்து தொடங்கலாம். கேள்வித்தாளைத் தெலுங்கிலும் ஒன்று எழுதி வைத்துக்கொள். நமக்குப் பாதி வாடிக்கையாளர் அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
பெரியம்மா