வீடியோ மெமரியும் பூநாரைப் படங்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும் மார்கழி, தை மாதங்களில், விடியுமுன் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து, மீனவரிடம் படகு பேசிக்கொண்டு நீண்ட லென்சுகளோடு ஏரிக்குள் போகும் புகைப்பட ரசிகர்களிடையேயும், குப்பங்களின் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் ஆல்பமாக்கித் தரும் ஸ்டுடியோக்காரர்களிடையேயும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் வேலை ஊர்ந்து சென்றால், வீடியோ மெமரி அதிகமுள்ள கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் வேகம் இருமடங்காகும் என்பதே அது.

இது ஆதாரமே இல்லாமல் பிறந்த பிரமையன்று. 1990-களில் 1 எம்பி வீடியோ மெமரி கொண்ட கார்டு, 1024-க்கு 768 என்ற அளவுள்ள திரையில் 256 நிறங்களை மட்டுமே காட்ட வல்லதாயிருந்தது. அதை 2 எம்பியாக்கியவுடன் நிறங்கள் 65,536 ஆயின. மணப்பெண்ணின் முகம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது மாறி இயல்பாகத் தெரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், மெமரியின் மகிமையைப் பிறருக்கும் உபதேசித்ததில் வியப்பில்லை. ஆனால் அன்று கூடியது நிறமேயன்றி வேகமன்று.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தில், புள்ளி ஒன்றுக்கு 16 பைட் என்று தாராளமாக ஒதுக்கினாலும், மொத்தம் 384 எம்பிதான் ஆகிறது. அப்படிப்பட்ட பிரதிகள் சிலவற்றை ஒருங்கே வைத்துக்கொண்டாலும் 4 ஜிபி கார்டு நிரம்பிவிடாது. மேலும் ஃபோட்டோஷாப் தன் கோப்பையும் அதன் லேயர்களையும் பிரதானமாகக் கம்ப்யூட்டரின் ரேமில்தான் வைத்துக்கொள்கிறது; ரேம் போதாதபோது டிஸ்க்கை நாடுகிறது. வேலை தவழத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

படகிலுள்ள ஐஸ் பெட்டியைப் பெரிதாக்குவதால் இன்ஜினின் வேகம் கூடிவிடாது என்பதைக் குப்பத்துச் சிறுவனும் அறிவான். பிடித்த மீன் பெட்டியில் அடங்காமற்போகும்போதுதான் நடுவில் கரைக்கு வந்து போகும் வீண் அலைச்சல் நேர்கிறது. வீடியோ மெமரியின் தர்மமும் அதுவே.

அடங்காமற்போகும் சந்தர்ப்பங்களும் இல்லாமலில்லை. அரையிருட்டான விடியற்பொழுதில், ஐஎஸ்ஓவை மிக உயர்த்தி எடுத்த பூநாரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்புச் சிறகெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் நெருநெருவென்று தெரியும். அவற்றை நீக்குவதற்காக 2023-இல் லைட்ரூமில் சேர்க்கப்பட்ட ஏஐ வசதி, கிராபிக்ஸ் சிப்பின் மீதே முழுப் பாரத்தையும் ஏற்றுகிறது. மெமரி பற்றாவிடில் வேலை வெகுவாகத் தாமதமாகும். மெமரி போதுமான அளவு இருந்துவிட்டால், ஒரு படத்துக்கு எத்தனை நொடி என்பதை நிர்ணயிப்பது சிப்பின் கணிக்கும் சக்தியே. என்விடியா நிறுவனம் அதே ஆண்டில் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டை 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிப் ஒன்றே, விலையில் மட்டும் 100 டாலர் வித்தியாசம். எட்டுக்குள் அடங்கும் வேலைக்கு அந்த நூறு டாலர் தண்டம் என்பதே என் தீர்ப்பு.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் பயாஸுக்குள் புகுந்து வீடியோ மெமரியை உயர்த்திவிட்டதாக மகிழ்வோர், ரேமிலிருந்தே அது பிடித்தம் செய்யப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உண்மையில் நேரம் கரைவது வேறு இடங்களில். ஒரே பறவை எழும்பும் கணத்தைச் சரமாரியாக நூற்றுக்கணக்கில் எடுத்து, அத்தனையையும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னோட்டப் படம் உருவாகும்வரை காத்திருக்கிறோம். அங்கே பெரும்பாலும் பாடுபடுவன பிராசஸரும் டிஸ்க்கும். (எந்தக் கார்டும் தராத வேகத்தை டெலீட் பொத்தான் தரும், அதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.)

ஆகவே, கடைக்குப் போகுமுன், வழக்கமான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு என்ற பகுதியில் பிரத்தியேக மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறதென்று பாருங்கள். அது விளிம்பைத் தொடாமல், ரேமோ டிஸ்க்கோ திணறிக்கொண்டிருந்தால், கையிலுள்ள பணத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் செலவிடுங்கள்.