உப்புநீர்த் தொட்டி சொன்ன பாடம்



ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு உப்புநீர் மீன்தொட்டியை, வேலை மாறிய பிறகு ஆறு மாதம் நான் கவனிக்கவே இல்லை. கண்ணாடி முழுக்கப் பாசி. ஒரே ஒரு கோமாளி மீன்தான் மிச்சம். "எல்லாத்தையும் கொட்டிக் கழுவிடுப்பா"ன்னு அம்மா சொன்னார். வாளியையும் எடுத்துட்டேன்.

நல்லவேளை, முதலில் ஹைட்ரோமீட்டரில் அளந்தேன். ஒப்படர்த்தி 1.030, இருக்க வேண்டியது 1.025. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரேயடியாக ஊற்றினால் மீன் தாங்காது.

பாறைகளைக் குழாயடியில் கழுவவில்லை. அவற்றில் வாழும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. குழாய்நீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினேன். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் புதிய உப்புநீராக மாற்றினேன்.

இரண்டு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. மீனும் பிழைத்தது.

நாம் விட்டுவிட்ட நல்ல பழக்கங்களும் இப்படித்தான். ஒரே நாளில் எல்லாத்தையும் மாத்த நினைக்காதீங்க. உயிரோட மிச்சம் இருக்கிறதை முதல்ல காப்பாத்துங்க.