முன்கண்ணாடியில் விழுந்த பொடிக்குழிகள்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொந்தச் சம்பளத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு கண்ணாடி முழுக்கச் சிதறுகிறது, ஞாயிறு சாயங்காலம் ஆம்பூரிலிருந்து ஓசூர் திரும்பும்போது வாணியம்பாடி தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்து ரோடே வெள்ளையாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குள் பணம் கொடுத்துவிடாதே. கண்ணாடியில் இருப்பது படலமா, உப்புக் கறையா, கீறலா, குழியா என்று முதலில் தெரிய வேண்டும்.

உள்பக்கத்திலிருந்து ஆரம்பி. வெயிலில் நிற்கிற காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் படிந்துவிடும். பலர் வெளியே தேய்தேயென்று தேய்ப்பார்கள், உள்ளே துடைக்கவே மாட்டார்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டு இரண்டு தடவை துடை. வெளிப்பக்கத்தை ஷாம்பு போட்டுக் கழுவு. போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுகள் இருந்தால், வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு அலசு. கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடாதே. அது பெயிண்டையும் ரப்பரையும் கெடுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒளி சிதறினால், இருட்டியதும் நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரை டார்ச் வெளிச்சத்தைக் கண்ணாடிமேல் சாய்வாக அடிக்கச் சொல். வில்லாக வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வைப்பரின் வேலை. கண்ணாடி முழுக்க அம்மைத் தழும்பு போலப் பொடிப்பொடியாக மின்னினால் குழி விழுந்திருக்கிறது. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தார்ப்பாய் மூடாமல் எம்-சாண்ட் ஏற்றிப் போகிற டிப்பர்களை நீ தினமும் பார்க்கிறாய். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவையில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கார் கண்ணாடி 6-க்குள்தான். மோதுகிற ஒவ்வொரு துகளும் ஒரு துணுக்கைப் பெயர்த்துக்கொண்டு போகும். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 கிலோமீட்டரில் போகிறவர் 100-ஐத் தொட்டால் அடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பகலில், வெயில் உச்சியில் இருக்கும்போது, ஒன்றும் தெரியாது. எதிர்வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக ஒளியைச் சிதறடிக்கும். அந்த வெளுப்புக்குள்தான் சாலையைக் கடக்கும் மனிதர் மறைந்துபோகிறார்.

விரிசலைவிட இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. விரிசல் விழுந்த அன்றே கண்ணில் படும், மறுநாளே மெக்கானிக்கிடம் போவோம். குழிகள் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால் கண் பழகிவிடும். உனக்கு விற்றவருக்குக்கூடத் தெரியாமல் இருந்திருக்கலாம். புதிதாக உட்கார்ந்ததால் நீ கண்டுபிடித்தாய்.

இப்போது பாலிஷ் விஷயம். சீரியம் ஆக்ஸைடு பூசி மெஷினால் தேய்ப்பார்கள். உப்பு அரித்த மங்கலும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படாத மெல்லிய கீறலும் அதில் போகும். குழி போக வேண்டுமென்றால், அதன் அடி ஆழம் வரை மொத்தக் கண்ணாடியையும் சீராக இழைக்க வேண்டும். கையில் பிடித்துத் தேய்க்கும் மெஷினால் அது முடியாது. ஓரிடம் கூடுதலாகத் தேய்ந்தால் அந்த இடம் லென்ஸ் ஆகி, ரோட்டுக் கோடு நெளியும்.

ரெசின் வைத்து அடைக்கலாமே என்றும் கேட்பாய். அது கல்லடிக்கு. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸ் 1909-இல் காப்புரிமை எடுத்த யோசனை. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் உடையும். அந்தக் காயத்தில் ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் இருந்து, ஓரத்திலும் உன் கண்ணுக்கு நேரேயும் இல்லாவிட்டால் நன்றாக நிற்கும். என்றைக்காவது கல் பட்டால் தூசியும் தண்ணீரும் போகாமல் உடனே டேப் ஒட்டு. ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதே, சுடுகிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. விரிசல் ஓடிவிடும். எண்ணற்ற பொடிக்குழிகளுக்கு இந்த வழி இல்லை.

ஆகவே கண்ணாடியை மாற்றிவிடு. குழி தேய்மானம் என்பதால் இன்ஷூரன்ஸ் கொடுக்காது. கல்லடி பட்டதாகச் சொல்லிக் கிளெய்ம் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம், அது பொய். பிற்பாடு உண்மையிலேயே கல் பட்டு உடைந்தால், முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் நோ கிளெய்ம் போனஸ் போகலாம். கணக்குப் பார்த்துக் கேள்.

வாங்கும்போது மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ‘லேமினேட்டட்’ என்ற எழுத்தும் பொறித்திருக்கிறதா பார். கூலிங் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்றால் மறுத்துவிடு. முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டுவிட்டது.

மாட்டுகிற வேலையில் கருமித்தனம் கூடாது. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டு சரியில்லை என்றால் கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போய்விடும். பழைய ஒட்டை அறுக்கையில் சட்டத்தில் கீறல் விழுந்தால் பிரைமர் பூசச் சொல், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஒட்டு காய எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதே. முதல் நாள் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை. கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று புது ஒட்டைத் தள்ளும். பழைய வைப்பர் ரப்பரில் மணல் ஏறியிருக்கும், அதையும் சேர்த்து மாற்று.

பகல் வெளிச்சத்தில் போ. பணம் கொடுக்குமுன் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் மெதுவாக அசை. உன் கண்ணுக்கு நேரே கம்பம் நெளிந்தால் வேறு கண்ணாடி போடச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா