தாளம் தப்பியது எங்கே?

கிணத்துக்கடவில் உறுமி வாசிக்கும் பெரியவர் ஒருவரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். ஹெட்போன் மாட்டியதும் தாளம் தடுமாறியது. "வயசாச்சு தம்பி, கை ஒத்து வரலீங்க" என்றார். குற்றம் கையில் இல்லை. ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரில்!

பஃபர் 1024 சாம்பிள். நொடிக்கு 44,100 சாம்பிள். வகுத்தால் 23 மில்லி நொடி. உள்ளே வர, வெளியே போக என இருமுறை: 46. அதற்குள் ஒலி காற்றில் 16 மீட்டர் போய்விடும்! தன் உறுமியையே அவ்வளவு தள்ளி நின்று கேட்டிருக்கிறார்.

128 ஆக்கினேன், 6 மில்லி நொடிதான். தாளம் சேர்ந்தது, ஆனால் கரகரப்பு. பிராசசர் திணறுகிறது! வைஃபை, பவர் சேவிங் இரண்டையும் அணைத்தேன், அடங்கியது.

பதிவுக்குச் சின்ன பஃபர், மிக்ஸிங்குக்குப் பெரியது. கலைஞரைக் குறை சொல்லுமுன் கணக்கைப் போடுங்கள்!