இங்கிலீஷ் வேதாகமத்தில் எபிரேய நடை

இங்கிலீஷ் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை வேதாகமத்தை வாசித்துவிட்டு, "இது என்ன இலக்கணம்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். கேள்வி நியாயமானதே. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் பதிப்பிலே, ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் 31 வசனங்களில் 29 வசனங்கள் 'அண்ட்' என்னும் சொல்லோடு தொடங்குகின்றன. எந்த உபாத்தியாயரும் கட்டுரையில் இதை அனுமதிக்க மாட்டார்! ஆனால் எபிரேயர் கதை சொல்லும் முறை அதுவே. மொழிபெயர்த்தவர்கள் அதைத் திருத்தாமல் விட்டார்கள்.

கத்தோலிக்க இங்கிலீஷ் பதிப்பின் புதிய ஏற்பாடு 1582-ல் ரேம்ஸ் நகரிலும், பழைய ஏற்பாடு 1609, 1610-ல் டூவே நகரிலும் அச்சாயின. அது இலத்தீனிலிருந்து வந்தது. அந்த இலத்தீனிலோ பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி, அர்ச். எரோணிமுஸ் எபிரேய மூலத்தைப் பார்த்துப் பெயர்த்தது. ஆகையால் எபிரேய வாசனை அதிலும் உண்டு.

இங்கிலீஷில் 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று சொல் உருமாறும். எபிரேயத்தில் அப்படி உருமாற்றம் இல்லை. தேவாலயத்தின் மிகப் பரிசுத்தமான உள்ளறையைக் குறிக்க 'பரிசுத்தங்களின் பரிசுத்தம்' என்பார்கள். 'ஹோலி ஆஃப் ஹோலீஸ்' என்று இங்கிலீஷுக்குள் வந்தது இதுதான். நாமும் 'இராஜாதிராஜா' என்கிறோம் அல்லவா? ஆகவே இது நமக்கு விளங்கக் கடினமில்லை.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரம், 26-ம் வசனத்தில், தாய் தகப்பனைப் பகைக்காதவன் தமக்குச் சீடனாக முடியாதென்று சேசுநாதர் சொல்கிறார். 'ஹேட்' என்றே இங்கிலீஷில் இருக்கிறது. பிதா மாதாவைச் சங்கிக்கும்படி நாலாம் கற்பனை சொல்ல, இது எப்படி?

ஆதியாகமம் 29-ம் அதிகாரத்தைத் திறவுங்கள். யாக்கோபு லேயாளை விட ராக்கேலை அதிகமாய் நேசித்தான் என்கிறது 30-ம் வசனம். அடுத்த வசனமோ, எபிரேய மூலத்தில், லேயாளைப் 'பகைக்கப்பட்டவள்' என்கிறது. அவளை அவன் துரத்தவில்லை. ஆறு புத்திரரை அவள் அவனுக்குப் பெற்றாள். கூடக் குறைய என்று அளந்து சொல்லாமல், நேசம், பகை என இரு எதிர்ச்சொற்களை நிறுத்துவது எபிரேயர் வழக்கம். நமதாண்டவர் பேசிய அரமேயமோ எபிரேயத்தின் உடன்பிறந்த மொழி.

இதே போதனையை அர்ச். மத்தேயு 10-ம் அதிகாரம் 37-ம் வசனத்தில் 'என்னிலும் அதிகமாய் நேசிப்பவன்' என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். பெற்றோர் ஒரு பக்கமும் சர்வேசுரன் ஒரு பக்கமும் இழுத்தால் யாருக்கு முதலிடம் என்ற கேள்வி அங்கேயும் தளரவில்லை.

பிற்காலத்து இங்கிலீஷ் பதிப்புகள் 'அண்ட்' பலவற்றை நீக்கிவிட்டன. 'ஹேட்' என்னும் சொல்லையோ பெரும்பாலானவை அப்படியே வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒருநாள் அந்தக் கேள்வி எழும். அப்போது லேயாளின் கதையைச் சொல்லுங்கள்.