சிமுலேஷனில் சரி, போர்டில் தகராறு

கேள்வி: இன்ஜினியரிங் படிக்கும் மகன் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் டிசைன் போடுகிறான். சிமுலேஷனில் சரியாக வருவது, போர்டில் ஏற்றினால் காலை வாருகிறது. எந்த மென்பொருளில் சோதிக்கலாம்?
– வாசகி ஒருவர், வில்லாவுட், சிட்னி

பதில்: சாதாரண சிமுலேஷன், சிப்புக்குள் ஏற்படும் தாமதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் ஒரு துடிப்புக்கு 10 நானோசெகண்ட்தான் அவகாசம். ஏதாவதொரு பாதை 11 எடுத்துக்கொண்டால் விடை தப்பிவிடும். சைலிங்ஸ் போர்டாக இருந்தால், விவாடோவின் டைமிங் ரிப்போர்ட்டில் ஸ்லாக் மைனஸில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால், பட்டன் போலக் கிளாக்கோடு ஒத்துப்போகாத உள்ளீடுகள்மீது சந்தேகப்படலாம். அவற்றை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாகத்தான் உள்ளே விட வேண்டும்.

இலவச மென்பொருளான வெரிலேட்டர், பிட் அகலம் பொருந்தாத இடங்களையும் தெரியாமல் உருவான லாட்ச்களையும் சுட்டிக்காட்டும். சிம்பியோசிஸ் ஒரு படி மேல். ‘இந்த ஃபிஃபோ ஒருபோதும் நிரம்பி வழியாது’ என்று நிபந்தனை எழுதிக் கொடுத்தால், அதை மீறும் உள்ளீட்டைத் தேடிப் பிடிக்கும். சரியாக அமைத்தால், மீறவே முடியாது என்று நிரூபித்தும் காட்டும்.

பெரிய டிசைனில் பழகிப் பார்க்க, ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘சக்தி’ ப்ராசஸர் இருக்கிறது. மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ஆர்ட்டி ஏ7 போர்டில் ஓடும்.